ஹங்கேரி அரசகுமாரியின் வரவுப் பாட்டு

மூத்த மகனை அடக்கம் செய்து சில வாரங்களில் அண்ணாவியார் வீட்டுக்கு வந்தார். ரொறொன்ரோவுக்கு வந்து சேர்ந்த எங்கள் ஊர்க் கத்தோலிக்கருக்கு நாட்டுக்கூத்துப் பழக்கி மேடையேற்றுபவர் அவர்தான். கோடையில் வரும் கோயில் பெருநாளுக்கு ஒரு புனிதையின் கூத்தை எழுதித் தருவதாக நான் முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன்.

"நீர் உந்தக் கூத்தெழுதுறதை விடும். வேற ஆளைப் பாப்பம்," என்றார்.

எழுதுகிறேன் என்றேன். துக்கத்தை மறப்பதற்காக அல்ல. பாதியில் நின்ற வேலை மேசையில் கிடந்தது, அவ்வளவுதான்.

வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் அப்போது நான்கு பேர். நான், மனைவி, இளைய மகன், மூத்தவனுக்குப் பேசி ஊரிலிருந்து எடுப்பித்த பெண். அவள் கார்த்திகையில் வந்திறங்கினாள். நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தில் கோயிலில் கலியாணம் வைப்பதில்லை. ஆகவே தை ஆறாம் திகதி மூவிராசாக்கள் திருநாள் கழிய நாள் வைத்திருந்தோம். மார்கழியில் நெடுஞ்சாலைப் பனியில் மகனுடைய கார் சறுக்கியது. மணமகளுக்கான வீசாவில் வந்தவள் என்பதால், குறித்த காலத்துக்குள் கலியாணத்தை எழுதிப் பதியாவிட்டால் அவளுக்கு இந்த நாட்டில் இருக்க உரிமை இல்லை. அந்தக் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மாதங்களின் நாட்குறிப்பில் வெப்பநிலையும், பஸ் பிந்திய விபரமும், வீட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்பதும் ஒழுங்காக இருக்கின்றன. வேறொன்றும் இல்லை.

கூத்தின் கதை பதின்மூன்றாம் நூற்றாண்டு ஜேர்மனியில் நடந்தது. தூரிங்கியா என்ற பகுதியை ஆண்ட பிரபு தன் மூத்த மகனுக்கு பின்னாளில் புனிதையான, ஹங்கேரி அரசனின் மகளைப் பேசினார். ஜேர்மனியின் முடிக்காக இரண்டு பெரிய குடும்பங்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. கிழக்கே பலமான ஒரு சம்பந்தம் அவருக்குத் தேவைப்பட்டது. பெண்ணுக்கு நான்கு வயது. வெள்ளிச் சாமான்களோடும் பட்டுகளோடும் கொண்டுவந்து மாப்பிள்ளை வீட்டிலேயே வளர்த்தார்கள். ஆளும் குடும்பங்களில் அது வழக்கம். அவளுக்கு ஒன்பது வயதளவில் அந்த மூத்த மகன் இறந்துபோனான். நூலகத்துப் புத்தகம் ஒன்றில் அந்தக் குடும்பத்தின் வம்ச அட்டவணை இருந்தது. அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு சிலுவை போட்டிருந்தார்கள். அவனிலிருந்து அவளுக்குக் கோடு எதுவும் இல்லை. கலியாணம் நடக்கவில்லைத்தானே. கோடு அடுத்த மகனிலிருந்து போனது.

இதையெல்லாம் என் மகன் உயிரோடிருந்தபோதே படித்து வைத்திருந்தேன். மூத்த இளவரசனின் மரணம் வரைக்கும் பாட்டுகளையும் எழுதி முடித்திருந்தேன். மிச்சம் இருந்தது அதற்கு அடுத்த காட்சி. அந்தப் பெண்ணை என்ன செய்வது என்று அரண்மனையில் கூடிப் பேசும் காட்சி.

எங்கள் வீட்டிலும் பேசினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலில் எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்கும் அன்ரி ஒருவரும் அவருடைய கணவரும் வந்தார்கள். மூத்தவனுக்குப் பேசிய பெண் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதில யோசிக்க என்ன கிடக்கு? சின்னவன் இருக்கிறான்தானே," என்றார் அன்ரி.

"பெட்டை அவனிலும் மூப்பெல்லோ," என்றார் கணவர்.

"கனடாவில வயசை ஆர் பாக்கினம்? கலியாண ஹோலுக்கும் கேக்குக்கும் அட்வான்ஸ் குடுத்தாச்சு. அவங்கள் திருப்பித் தரமாட்டாங்கள்."

"நீ கேக்குக்காகவே ஆளைக் கட்டி வைப்பாய்."

"சும்மா இருங்கோ. அண்ணை எழுதுற கூத்திலயும் தம்பிதானே கட்டினவன்? புனிதையே கட்டியிருக்கிறா. எங்களுக்கென்ன?"

அன்ரி சொன்னது சரித்திரப்படி சரி. அரண்மனையில் சிலர் அவளைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். தம்பி விடவில்லை, அவளையே கட்டினான். நல்ல கலியாணம் என்றுதான் புத்தகங்கள் சொல்கின்றன. பிறகு அவனும் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் காய்ச்சலில் இறந்தான். ஆட்சி அவனுடைய தம்பியின் கைக்கு மாறியது. அவள் கோட்டையை விட்டுப் போனாள். அவளுடைய மகனும், அந்தத் தம்பியும் வாரிசில்லாமல் இறக்க, தூரிங்கியாவுக்காகச் சொந்தக்காரர் பல வருடம் சண்டை பிடித்தார்கள். இதை நான் அன்ரிக்குச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த பெண்ணின் தமையன் ஜேர்மனியில் இருந்தான். தொலைபேசியில் பேசினான். "மாமா, ஊருக்கு அனுப்பினா ராசியில்லாதவள் எண்டு சொல்லுவினம். சின்னவருக்கே செய்து வையுங்கோ. இல்லையெண்டா நான் இஞ்சை எடுப்பிக்கிறன். ஆனா எனக்கே வீசா இன்னும் சரிவரேல்லை." அவன் குரலில் களைப்பு இருந்தது.

இளையவன் ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்தான். வேலைக்குப் போகுமுன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவளைக் கட்டச் சம்மதமா என்று கேட்டேன்.

"நீங்கள் சொல்லுறதைச் செய்யிறன்," என்றான். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "அண்ணைக்குத் தைச்ச கலியாணக் கோட் சூட்டை மட்டும் போடச் சொல்லாதையுங்கோ," என்றான்.

மனைவிக்கு இந்தக் கலியாணம் வேண்டும். "அவன் தெரிஞ்செடுத்த பிள்ளை. அவளும் போனா, அவன்ரை எண்டு இந்த வீட்டில என்ன இருக்கு?" என்றாள். எனக்கு விருப்பமோ வெறுப்போ இருக்கவில்லை. போய் மந்திரிமாரின் பாட்டுகளை எழுதினேன். ஒரு மந்திரி அனுப்பச் சொல்கிறான், ஒருவன் தம்பிக்குக் கொடுக்கச் சொல்கிறான், மூன்றாமவன் ஹங்கேரியிலிருந்து வர வேண்டிய சீதனத்தில் குறை சொல்கிறான். சிரமமில்லாமல் வந்தன.

ஒத்திகை கோயிலுக்குக் கீழே இருந்த பேஸ்மென்றில் நடந்தது. என் கையெழுத்து நடிகர்களுக்கு விளங்காது என்று, அவரவர் பாட்டைத் தனித்தனியாகப் பிரதி பண்ணும் வேலையை ஊரிலிருந்து வந்த அந்தப் பெண் ஏற்றிருந்தாள். அவளும் என்னோடு வந்திருந்தாள். அண்ணாவியார் புதிய காட்சியை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உதில பெட்டைக்கு வரவு எங்கை?"

கூத்தில் யார் மேடைக்கு வந்தாலும், தான் இன்னார் என்று பாடிக்கொண்டுதான் வர வேண்டும். அதுதான் வரவு.

"முதல் காட்சியில பாடினவள்தானே," என்றேன்.

"அது, மூத்தவனுக்கு நிச்சயிச்ச பெண் எண்டு பாடினது. அவன் செத்திட்டான். இப்ப ஆரெண்டு சொல்லிக்கொண்டு வாறது? வரவு இல்லாமல் நான் ஒருத்தரையும் மேடையில விடன்."

இரண்டாம் மந்திரியாக நடித்தவர் பலசரக்குக் கடைக்காரர். "சின்னவன்ரை எண்டு பாடட்டுமன்," என்றார்.

"மடையா, இன்னும் முடிவெடுக்கேல்லை. அதுக்குத்தானே நீ உதில நிண்டு கத்துறாய்?"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு, பிரதிகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்ற அவளைக் கண்டார்கள். கடைக்காரர் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினார்.

வரவை எழுத மேசையில் உட்கார்ந்தேன். மெட்டு இருந்தது. முதல் அடி வரவில்லை. மறுநாள் பின்னேரமும் அப்படியே. அவள் பிரதிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மாமா, உதில இத்தினை பேர் பாடியினம். உவளிட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே."

"அவளுக்கு ஒன்பது வயசு. அவள் என்ன சொன்னவள் எண்டு சரித்திரத்தில இல்லை."

"எனக்கு இருபத்தாறு," என்றாள்.

பேனையை மூடினேன். "நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டேன். அவள் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவளிடம் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சின்னவரில ஒரு பிழையும் இல்லை, மாமா. ஆனா அவர் வாசல்ல சப்பாத்துக் கழட்டுறது மூத்தவர் கழட்டின மாதிரியே கிடக்கு. சத்தம் கேட்டு ஒவ்வொரு நாளும் எழும்பி நிக்கிறன். அதோடை எப்பிடிக் கட்டுறது?"

"ஜேர்மனிக்கு அண்ணையிட்டைப் போறீரோ?"

"இல்லை. சென் ஜேம்ஸ் ரவுண் மாடி வீட்டில என்னோடை படிச்ச பிள்ளையள் இருக்கினம். அங்கை போய் லோயரைப் பிடிச்சு என்ரை பேரில அகதிக் கேஸ் போடப் போறன். மறுத்தா மறுக்கட்டும்."

வேலை முடியவில்லை என்பதால், "இவளுக்கு என்ன எழுதட்டும்?" என்று தாளைக் காட்டினேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "உவளின்ரை தேப்பன் இருக்கிறார்தானே. ஹங்கேரி ராசாவின்ரை மகள் எண்டு வரட்டும். ஆர் செத்தாலும் அது மாறாது."

அப்படியே எழுதினேன். மெட்டில் சரியாக உட்கார்ந்தது.

பெண்ணிடம் நான் கேட்டதையும் அவள் போகப்போவதையும் மனைவியிடம் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அவள் எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். அன்ரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "பெட்டைக்கு நெஞ்சழுத்தம்," என்றார். ஜேர்மனித் தமையன் "கேஸ் வெல்லாட்டி?" என்று கேட்டான். தெரியாது என்றேன்.

சனிக்கிழமை நானும் இளையவனும் அவளை சப்வே ரயிலில் கொண்டுபோய் விட்டோம். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லிப்டுக்காக நின்றபோது அவள் அவனிடம், "கோவமோ?" என்று கேட்டாள். "இல்லை. தாங்ஸ்," என்றான்.

நாங்கள் திரும்பி வந்தபோது மனைவி அந்தப் பெண்ணுடைய கட்டில் விரிப்பைக் கழற்றி, தோய்க்கும் மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்கள் அவளிட்டைக் கேட்டிருக்கக் கூடாது," என்றாள். "கேக்காமல் விட்டிருந்தா இருந்திருப்பாள்."

"ஓம்," என்றேன். அது உண்மை.

அவள் விரிப்பை உள்ளே போட்டு மூடியைச் சாத்தினாள். நான் போய்ச் சோற்றைச் சூடாக்கினேன்.