நாற்பத்தொன்றாவது வரிசை

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குத் தன்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை ஒன்று உண்டு. தான் சொன்னதைச் சொன்னபடி செய்தால் கல்லும் பாஸாகும் என்பது அது. இருபத்து நான்கு வருடமாக அதே அறை, அதே கரும்பலகை, அதே ஒரு அடி ஸ்கேல். பென்சில் சீவிய தூளுக்குக்கூட அங்கே தனி டப்பா. அந்த வகுப்புப் பிள்ளைகள் மார்ஜின் விட்டுத்தான் தும்முவார்கள் என்று மற்ற டீச்சர்கள் கேலி பேசுவார்கள். இவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே வினாத்தாளில் பொதுத் திறன் தேர்வு வரும். நாற்பது கேள்வி, கேள்விக்கு நான்கு வட்டம். சரியான வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். திருத்துவது மெஷின். இந்த முறை டீச்சருக்கு அதில் சொந்த அக்கறையும் இருந்தது. மாதக் கடைசியில் தலைமை ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்காக மேலே போன பட்டியலில் முதல் பெயர் டீச்சருடையது. வீட்டில் கணவரிடம்கூட அவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. புதுக் கைப்பை மட்டும் ஒன்று வாங்கிவிட்டார்.

ஒரு மாதம் முப்பத்திரண்டு பிள்ளைகளையும் பிழிந்து எடுத்தார். கோட்டுக்கு வெளியே பென்சில் போனால் மறுபடி. உள்ளே வெள்ளை தெரிந்தால் மறுபடி. ஒரு பையன் தூக்கத்தில் தலையணை உறையில் வட்டம் நிரப்புகிறான் என்று அவன் அம்மா வந்து முறையிட்டார். ஒழுங்காக நிரப்புகிறானா என்றுதான் டீச்சர் கேட்டார்.

தேர்வு நாள் வந்தது. வினாத்தாளின் முதல் பக்கத்தில் ஒரு மாதிரிக் கேள்வி இருந்தது. நாற்காலி, காகம், வாளி, செருப்பு, இவற்றில் எது பறக்கும் என்று கேட்டிருந்தார்கள். அது பார்த்துப் பழகுவதற்கு மட்டும். விடைத்தாளில் குறிக்கக் கூடாது. அதை அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். டீச்சரின் கண்ணாடியோ பழைய கைப்பைக்குள்ளேயே தங்கிவிட்டது.

"எல்லாரும் முதல் வரிசையில காகத்துக்கு வட்டம் போடுங்க" என்றார் டீச்சர்.

முப்பத்தொரு பென்சில்கள் ஒரே நேரத்தில் இறங்கின. இறங்காத ஒரே பென்சில் வேடிக்கை என்று எல்லாரும் கூப்பிடும் சிறுமியுடையது. எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிய ஆள் எப்படி இறங்கப்போகிறார் என்று அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வு முடியும் நேரத்தில் முந்திரிக்கொட்டை எழுந்தான். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லும் பையன் என்பதால் அந்தப் பெயர். கடைசிக் கேள்விக்கு விடைத்தாளில் இடமே இல்லை என்றான். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகத் தங்களுக்கும் இல்லை என்றார்கள். ஒரு வகுப்பே சொல்கிறதே, ஒரு நிமிடம் யோசிப்போம் என்று டீச்சருக்குத் தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. அலுவலகத்தில் அச்சடிக்கும்போது ஒரு வரிசையை விழுங்கிவிட்டார்கள் என்று மனதுக்குள் திட்டிவிட்டு, ஸ்கேலும் கையுமாக மேசை மேசையாகப் போய், ஒவ்வொரு தாளின் அடியிலும் நாற்பத்தொன்றாவது வரிசையை அழகாக வரைந்து கொடுத்தார். வேடிக்கை மட்டும் தனக்கு வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றவளுக்கும் வரைந்து கொடுத்தார்.

மதிப்பெண் வந்தபோது வகுப்பின் சராசரி நாற்பதுக்கு ஏழு. கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியிருந்தாலே பத்து வந்திருக்கும். பத்துக்குக் கீழே போன வகுப்புக்கு, ஆண்டு முடியும்வரை விளையாட்டுப் பீரியடில் சிறப்புப் பயிற்சி என்று உத்தரவும் கூடவே வந்தது. வேடிக்கைக்கு மட்டும் முப்பத்தாறு.

முந்திரிக்கொட்டை வாயை மூடிக்கொண்டான். கேள்வி கேட்டால் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தான். ஒருநாள் மதியம் மேசையருகே வந்து நின்றான்.

"டீச்சர், நான் மக்கா?"

போய் உட்கார் என்று அதட்டி அனுப்பிவிட்டார். அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் வேடிக்கையைக் கூப்பிட்டு, எப்படி இவ்வளவு வாங்கினாய் என்று விசாரித்தார்.

"நீங்க சொன்னதை நான் கேக்கல டீச்சர்," என்றாள் அவள். "வெளிய பாத்துட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தா எல்லாரும் எழுதிட்டு இருந்தாங்க. நானும் ஒண்ணாவது கேள்விக்கு ஒண்ணாவது வரிசையில போட்டேன்."

டீச்சர் வினாத்தாளை எடுத்து, மாதிரிக் கேள்விக்கு அடியிலிருந்த பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். பள்ளிக்கு வந்திருந்த விடைத்தாள் நகல்களை எடுத்து, ஒரு வரிசை கீழே தள்ளி வைத்துத் திருத்திப் பார்த்தார். சராசரி முப்பத்தொன்று. இருபத்து நான்கு வருடத்தில் எந்த வகுப்பும் அவ்வளவு வாங்கியதில்லை.

தலைமை ஆசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "பசங்க மந்தம்னு எழுதிட்டா அதோட முடிஞ்சுது. யாரும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பேரு மேல போயிருக்கிற நேரத்துல நீங்களா போய் மாட்டிக்காதீங்கம்மா."

அறிவுரை நியாயமாகத்தான் பட்டது. வீடு வரைக்கும் நியாயமாகப் பட்டது. இரவுச் சாப்பாட்டில் கை வைத்ததும் படவில்லை.

மறுநாள் டீச்சர் போய் நின்றதும் கல்வி அலுவலகத்துக் குமாஸ்தா, மெஷின் தப்புப் பண்ணாது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்.

"மெஷின் பண்ணல சார். நான் பண்ணேன்."

மறுமதிப்பீட்டுப் படிவத்தில் மூன்றே காரணங்கள்தான் இருந்தன: மழை, மின்தடை, தொற்றுநோய். குமாஸ்தா நல்ல மனிதர். மின்தடை என்று போட்டுவிடலாம், யாருக்கும் சேதமில்லை என்றார். டீச்சர் கேட்கவில்லை. மூன்றுக்கும் கீழே 'ஆசிரியையின் தவறு' என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தானாக வந்து பழியைக் கேட்டு வாங்கும் ஆளைப் பார்க்கப் பக்கத்துப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டுப் போனார்கள். ஒரு வகுப்பின் தாள்கட்டு முழுவதையும் மெஷின் ஒரே விடைப்பட்டியலை வைத்துத்தான் திருத்தும் என்று அடுத்த சிக்கல் முளைத்தது. பட்டியலை ஒரு வரிசை தள்ளி எல்லாரையும் தூக்கிவிடப் போய், சரியான வரிசையில் குறித்த வேடிக்கை கவிழ்ந்துவிடுவாள். கடைசியில் அவளுடைய ஒற்றைத் தாளைத் தனிக் கட்டாகக் கட்டி, நூல் சுற்றி, அரக்கு வைத்தார்கள்.

பத்து நாளில் புது மதிப்பெண் வந்தது. சிறப்புப் பயிற்சி ரத்து. தலைமை ஆசிரியர் பொறுப்பு நான்காம் வகுப்பு டீச்சருக்கு. இவருக்கு, வினாத்தாள் அறிவுரைகளை வாசித்துப் புரிந்துகொள்வது எப்படி என்று மூன்று நாள் வகுப்பு.

மதிப்பெண்களை வாசித்து முடித்துவிட்டு டீச்சர் பிள்ளைகளைப் பார்த்தார். "உங்க யார் மேலயும் தப்பு இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிக் கொடுத்து..."

அவர் முடிப்பதற்குள் முந்திரிக்கொட்டையின் கை மேலே போய்விட்டது. "அப்ப நீங்க ஃபெயிலா டீச்சர்?"

"ஆமாடா," என்றார் டீச்சர். "ஃபெயில்தான்."

விளையாட்டுப் பீரியட் மணி அடித்தது. முப்பத்திரண்டும் கதவில் முட்டி மோதிக்கொண்டு வெளியே ஓடின. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல ஒரு குட்டிகூட நிற்கவில்லை. மைதானத்தில் எல்லாக் குரலுக்கும் மேலே முந்திரிக்கொட்டையின் குரல் கேட்டது, யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அவனே அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தான். டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து நன்றாக அழுதார். அந்த அழுகையில் நாற்காலி போன துக்கம் கால்வாசிகூட இல்லை.