ஒரு நிமிடத்தில் மறந்துவிடும் விதி

எங்கள் துறைமுக அலுவலகத்தின் நெட்வொர்க்கை ஒரே மென்பொருளின் கையில் ஒப்படைத்தவன் நான்தான். அதை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தேன். உள்ளே கணினிகள் பல. வெளியே இணையத்தில் காட்ட ஐ.பி. முகவரிகள் இரண்டே. எந்தக் கணினி வெளியே போனாலும் உள்முகவரியை மறைத்து, அந்த இரண்டில் ஒன்றை மாட்டி அனுப்பும்படி விதி எழுதினேன். கணினிக்கும் வெளித்தளத்துக்கும் ஒரு நிமிடம் பேச்சில்லையென்றால் மாட்டியதைக் கழற்றிவிட வேண்டும்; மறுபடி பேசினால் இரண்டில் எது கிடைக்கிறதோ அது. அதற்கு மேல் கணினி முன்னால் எவன் சும்மா இருப்பான்? என் பொறுமை அவ்வளவுதான்.

ஆவணப் பிரிவில் சாயர்புரத்து அண்ணாச்சி ஒருவர் உண்டு. கப்பல் கம்பெனியின் தளத்தில் விவரங்களை நிரப்பும்போது வரிக்கு வரி அவர் கணினி தளத்தோடு பேசும். நிரப்பியதும் அனுப்பிவிட மாட்டார். எதிர் மேசை அக்காவைத் தாள்களோடு உட்காரவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பைபிள் பாடம் வாசிக்கிற தொனியில் எண்களை நிறுத்தி நிதானமாக வாசிப்பார். அக்கா டிக் அடிப்பார். அவ்வளவு நேரமும் கணினி வாயே திறக்காது.

என் விதி நடைமுறைக்கு வந்த அன்று, பன்னிரண்டு மணிக்குள் விவரம் போகாவிட்டால் ஆறு கண்டெய்னர் முருங்கை இலைப் பொடி கப்பலேறாது. அண்ணாச்சி அதுவரை ஒரு கப்பலையும் தவறவிட்டதில்லை. வாசித்து முடித்து பட்டனை அழுத்தினார். தளம் அவரை வெளியே தள்ளிவிட்டது. மறுபடி நிரப்பி, வாசித்து, அழுத்தினார். மறுபடியும் அதே கதை. என்னைக் கூப்பிட்டார்.

"வாசிக்காம அனுப்புங்க அண்ணாச்சி."

"ஏலே, வாசிக்காம எப்படிலே அனுப்புவேன்?"

இந்த மனுஷனோடு மல்லுக்கட்ட முடியாது என்று முணுமுணுத்தபடி பதிவுகளைப் பார்த்தேன். அவர் வாசிக்கும்போது என் விதி முகவரியைக் கழற்றிவிட்டு, அவர் அழுத்தியதும் மற்றொன்றை மாட்டியிருக்கிறது. யாரோ அந்நியன் என்று தளம் கதவைச் சாத்தியிருக்கிறது.

அவருடைய கணினிக்கு நாள் முழுக்க ஒரே முகவரி என்று விதியை மாற்றினேன். அவசர அவசரமாக நிரப்பினார். பத்து நிமிடம்தான் மிச்சம். அப்போதும் வாசிக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாலாவது கண்டெய்னரில் அக்கா நிறுத்தினார். "சீல் நம்பர்ல கடைசி ஏழு இல்ல அண்ணாச்சி, ஒன்னு."

திருத்தி அனுப்பினார். போய்ச் சேர்ந்தது.

தப்பு என்னுடையது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்தார்.

"நீ எழுதுனத யாருக்காவது வாசிச்சுக் காட்டுனியாலே?"

இல்லை. நானேகூட ஒருதரம் வாசித்துப் பார்க்கவில்லை.