நேரம் இருக்கிறதா என்று கேட்கும் உத்தியோகம்

பூ இறக்குமதி செய்கிற ஆபீசில் பூவுக்கு முன்னால் வாடுவது போன் செய்கிறவன் முகம்தான். போனில் பேசிப் பிழைக்கிற எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும். என் ஆபீஸ் துபாயில், அல் கூஸில் இருக்கிறது. முன்பக்கம் நான்கு மேஜை, பின்பக்கம் பூக்கள் இருக்கும் குளிர் அறை. ஹாலந்தில் பூ வளர்க்கிறவர்களைத் தினமும் கூப்பிட்டு, எந்தப் பூ தயார், எப்போது விமானத்தில் ஏறும் என்று கேட்டு, இங்குள்ள ஹோட்டல்களுக்குச் சொல்லவேண்டும்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் கொடுத்து, சலுகைக் கட்டணத்தில் பி.காம். முடித்தவன் நான். எங்கள் வீட்டில் யாரும் ஆபீசில் வேலை பார்த்ததில்லை. அங்கே எப்படி நடந்துகொள்வது என்று கேட்கவும் ஆள் இல்லை. ஆறு மாதம் புரொபேஷன். அது முடிவதற்குள் மேனேஜர் வில்லெம் ‘இவன் இருக்கட்டும்’ என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். கீழே வருகிற எல்லாவற்றையும் அந்தக் கவலையோடு சேர்த்துப் படிக்கவும்.

நலம் விசாரித்தது

நான் கூப்பிட்ட முதல் ஆள் ஹெங்க். டியூலிப் வளர்க்கிறவர். முன்பின் தெரியாதவரிடம் எடுத்த எடுப்பில் பூ கேட்டால் நன்றாக இருக்குமா? ஆங்கிலத்தில் நலமா என்று கேட்டேன். வீட்டில் எல்லாரும் நலமா, அப்பா அம்மா உங்களோடுதான் இருக்கிறார்களா, அவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது, அங்கே மழையா என்றும் கேட்டேன். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

கடைசியில் கேட்டார்: “யார் செத்துட்டாங்க? பரவாயில்ல, சொல்லிடு.”

ஜாதகம்

வில்லெமும் டச்சுக்காரர். ஹெங்க் விஷயம் அவர் காதுக்குப் போனதும் ஒரு வாக்கியம் சொல்லித் தந்தார்: “ஹேஃப்ட் யூ ஏவன் டெய்ட்?” கொஞ்சம் நேரம் இருக்கிறதா என்று அர்த்தம். முதலில் இதைக் கேள், இருக்கிறது என்றால் விஷயத்துக்கு வா, மற்றதை ஆங்கிலத்தில் பேசிக்கொள் என்றார். நான் தங்கியிருக்கிற முவைலாவிலிருந்து ஆபீசுக்கு வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மறுநாள் லில்லி வளர்க்கிற ஒருவரிடம் கேட்டேன். “நே” என்றார். இல்லை. அவ்வளவுதான், போன் வைத்தாயிற்று. மன்னிக்கவும் என்றோ அப்புறம் பார்க்கலாம் என்றோ ஒரு பேச்சு கிடையாது. என் உச்சரிப்புப் பிடிக்கவில்லையா, ஹெங்க் ஏதாவது சொல்லிவிட்டாரா என்று யோசித்து, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

எதிர் மேஜையில் கவிதா மேடம். சென்னைக்காரர், கணக்குப் பிரிவு. பிள்ளைகளோடு இங்கேயே இருக்கிறவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த நம்பரை வாங்கி அவரே கூப்பிட்டார். லில்லிக்காரர் சாதாரணமாகப் பேசினார். முன்பு கூப்பிட்டபோது லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தாராம்.

போனை வைத்துவிட்டு மேடம் சொன்னார்: “அவன் இல்லன்னா இல்ல, அவ்ளோதான். அதுல உன் ஜாதகமெல்லாம் எழுதியிருக்காதுடா. சாப்பிடு.”

வரி பாக்கி

வில்லெம் சொல்லித் தந்த வாக்கியம் ‘நீங்கள்’ போட்டுப் பேசுவது. பழகியவர்களிடம் ‘நீ’ போட்டு, “ஹெப் யே ஏவன்?” என்றால் போதும். எனக்கு வாய் வரவில்லை. ஹெங்க்குக்கு என் அப்பா வயது இருக்கும். மூன்று மாதம் நீங்கள், நீங்கள் என்றே ஓட்டினேன்.

ஒருநாள் ஹெங்க் சொன்னார்: “தம்பி, நீ கவர்ன்மென்ட் ஆபீசர் மாதிரி ‘நீங்க’ போட்டுக் கேக்கும்போதெல்லாம் நான் வரி கட்டினேனா இல்லையான்னு யோசிக்க வேண்டியிருக்கு.”

காபி நேரம்

ஹாலந்தில் காலை பத்து மணிக்கு எல்லாரும் வேலையை விட்டுவிட்டு ஒரே மேஜையில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். இது தெரியாமல் ரோஜா வளர்க்கிற ஒரு அம்மாவை அந்த நேரத்தில் கூப்பிட்டு, நேரம் இருக்கிறதா என்றேன். “காபி குடிக்கிறோம்” என்றார். நம் பக்கம் அடுத்த வார்த்தை ‘வாங்க, நீங்களும் சாப்பிடுங்க’ என்று வரும். அங்கே அதோடு முடிந்தது. “நீங்க குடிங்க, நான் காத்திருக்கேன்” என்று பணிவாகச் சொல்லிவிட்டு லைனிலேயே இருந்தேன்.

அவர் போனை மேஜைமேல் வைத்துவிட்டார் போல. கரண்டிச் சத்தம் கேட்டது. யாரோ ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். என்னை இல்லை என்று நினைக்கிறேன். வில்லெம் என் மேஜையைத் தாண்டி இரண்டு முறை போனார். காதில் போனும் மூடிய வாயுமாக நான் உட்கார்ந்திருப்பதை இரண்டு முறையும் பார்த்தார்.

காபி முடிந்து போனை எடுத்த அம்மா, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்: “உங்களுக்கு அங்க வேலைன்னு ஒண்ணு இருக்குதா?”

ஃபரீத் பாய்

டச்சுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. இங்கே ஒரு ஹோட்டலில் பூ வாங்குகிற பொறுப்பில் இருக்கும் ஃபரீத் பாய், ஹைதராபாத்காரர். அவர் அறை வாசலில் நின்று, உங்களுக்கு ஐந்து நிமிடம் இருக்குமா என்று இந்தியில் கேட்டேன். அவர் எதிரில் ஏற்கெனவே மூன்று பேர். ஒருவர் காய்கறி, ஒருவர் மேஜைத் துணி, இன்னொருவர் எதற்கு வந்தார் என்று அவருக்கே மறந்திருக்கும். நாலு பேருக்கும் டீ வந்தது. எல்லாரிடமும் ஒரே நேரத்தில் பேசினார். நடுவில் என் ஆர்டரும் முடிந்தது.

கிளம்பும்போது தோளைத் தட்டிச் சொன்னார்: “அரே பாய், நேரத்தைக் கேட்டா வாங்குவாங்க? வந்து உட்கார்ந்தா அதுவா கிடைக்கும்.”

வில்லெமின் மேஜை

ஆறாவது மாதம் பிறந்ததும், என்னை வைத்துக்கொள்வாரா என்று கேட்க வில்லெமின் மேஜை ஓரத்தில் போய் நின்றேன். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பதுபோல் நின்றேன். அவர் நிமிரவில்லை. கடைசியில், அதற்குள் வாயில் பழகிவிட்ட ‘நீ’ போட்டு நானே கேட்டேன்: “ஹெப் யே ஏவன்?” திரையைப் பார்த்தபடியே “நே” என்றார்.

ஊரில் பெரியவர்கள் இல்லை என்றால் அது இல்லைதான். மறுபடி போய்க் கேட்கமாட்டோம். திரும்பிவிட்டேன். லில்லிக்காரர் சொன்ன ‘நே’ வேறு, விசா கையில் இருக்கிறவர் சொல்கிற ‘நே’ வேறு என்று தோன்றியது. அதன்பிறகு அவர் பக்கமே போகவில்லை. அப்பா போனில் வேலை பற்றிக் கேட்டால் வெயில் பற்றிப் பேசினேன். கடைசி வாரம் கவிதா மேடம்தான் பொறுக்காமல், “ஹாலந்து முழுக்க டைம் கேக்குறே, பத்தடி தள்ளி இருக்கிற ஆளைக் கேக்க மாட்டியா?” என்று கிளப்பிவிட்டார்.

கேட்டேன். “இப்போ இல்ல” என்றார் வில்லெம். கால் திரும்பப் பார்த்தது. பிடித்து நிறுத்தி, “அப்போ எப்போ?” என்றேன். “மதியம் ரெண்டரைக்கு.”

இரண்டரைக்கு உட்காரச் சொன்னார். இந்த வேலை எனக்கு வேண்டும் என்றேன். எழுதி வைத்திருந்த மற்ற வாக்கியங்கள் மறந்துவிட்டன. அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். நேரமில்லை என்று சொன்னதோடு நான் திரும்பி வராததால், எனக்கு வேலையில் விருப்பமில்லை என்று முடிவு செய்துவிட்டாராம். என் இடத்துக்கு ஆள் பார்த்து, நாளை இன்டர்வியூவுக்கு ஒருவனை வரச் சொல்லியும் ஆயிற்று. கொஞ்சம் யோசித்தார். நீ இரு என்றார். ஒரு நம்பரை என் பக்கம் தள்ளினார்.

“அவனை வர வேண்டாம்னு நீயே கூப்பிட்டுச் சொல்லிடு. முதல்ல நேரம் இருக்கான்னு கேளு.”

அந்த நம்பர்

கூப்பிட்டு, ஆங்கிலத்தில் கேட்டேன். என் உச்சரிப்பை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். “சார், தமிழா?” என்றான். ஆமாம் என்றேன். மறுபடி தமிழில், கொஞ்சம் நேரம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? எங்கிட்ட இப்போ அது மட்டும்தான் சார் இருக்கு, சொல்லுங்க.”

நேரம் இல்லாதவர்களிடம் நேரம் கேட்க எனக்கு இப்போது நான்கு மொழிகளில் வருகிறது. நேரம் மட்டுமே இருக்கிறவனிடம் அடுத்து என்ன சொல்வது என்பதை மட்டும் எந்த மொழியிலும் இன்னும் கற்றுக்கொண்டபாடில்லை.