மாதவிலக்கு என்று நினைத்த நாட்கள்

எனக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. ரமலான் பிறந்த நான்காம் நாள் திடீரென்று ரத்தம் பட்டது. பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மாதவிலக்கு நாட்களில் எங்களுக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. விட்ட நோன்புகளைப் பிறகு பிடித்து நிறைவேற்ற வேண்டும். நானும் நோன்பை விட்டுவிட்டு நாளை எண்ண ஆரம்பித்தேன்.

ஒரு வாரத்தில் நிற்க வேண்டியது நிற்கவில்லை. விட்டு விட்டு வந்தது. கெட்ட வாடையும் இருந்தது. திருக்காட்டுப்பள்ளியில் உரக்கடை வைத்திருக்கும் என் கணவரிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. எல்லோரும் நோன்பிருக்கும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவதுதான் எனக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. என் புத்தி அவ்வளவுதான். நின்றுபோன பிறகு வரும் ரத்தம் மாதவிலக்கு அல்ல. ஒரு சொட்டு என்றாலும் டாக்டரிடம் போய்விடுங்கள்.

பெருநாளைக்கு வந்த மகள் சபீனாதான் கண்டுபிடித்தாள்.

“எத்தன நோன்பும்மா விட்டீங்க?”

“இருபத்தாறு.”

“இருபத்தாறா? உங்களுக்குத்தான் எல்லாம் நின்னுபோச்சே! கிளம்புங்க, தஞ்சாவூர் போவோம்.”

ஆஸ்பத்திரியில் பயாப்சி (சோதனைக்காகச் சதைத் துணுக்கு எடுப்பது) செய்தார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய். பக்கத்துத் திசுவுக்கும் பரவியிருந்ததால் அறுவை சிகிச்சை கிடையாது, கதிர்வீச்சும் கீமோவும்தான் என்றார்கள். என் கணவர், “எங்கிட்ட ஏன் சொல்லல நீ?” என்று மட்டும் கேட்டார். அழுதுவிட்டேன்.

சிகிச்சை தொடங்கும் முன் டாக்டரம்மா ஒரு படிவத்தை நீட்டினார். என் சதைத் துணுக்கில் மிச்சத்தை ஆராய்ச்சிக்குக் கேட்டார். ஆர்.என்.ஏ. (மரபணுவில் உள்ள செய்தியைச் சுமந்து செல்லும் நகல்) மீது சின்னச் சின்ன வேதிக் குறிகள் உண்டாம். எந்த நகல் நீடிக்கும், எது சீக்கிரம் அழியும் என்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டாம். இந்தப் புற்றுநோயில் அந்தக் குறிகள் தாறுமாறாகி, செல்கள் அடங்காமல் பெருகத் துணை போகின்றனவாம்.

எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது.

“அதப் பாத்தா, எனக்குத் திரும்ப வருமா வராதான்னு தெரியுங்களா?”

“இப்ப தெரியாதும்மா. ஆராய்ச்சி அந்த அளவுக்கு இன்னும் வரல. உங்க வைத்தியத்துல இதனால எதுவும் மாறாது. பொய் சொல்லி உங்ககிட்ட கையெழுத்து வாங்க மாட்டேன்.”

என்ன நடக்கப்போகிறது என்று என் உடம்புக்குள்ளேயே குறித்திருக்கிறது, அதைப் படிக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை என்று தோன்றியது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். சபீனா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து வாரம் தினமும் பஸ்ஸில் போய்க் கதிர்வீச்சு வாங்கினேன். வயிற்றுப்போக்கும் எரிச்சலும் என்னைப் பாதியாக்கின. பிறகு உள்கதிர்வீச்சு (கருவியை உள்ளே வைத்துக் கொடுப்பது). அப்போது வலித்ததைவிட, அசையாமல் படுத்திருந்தபோது வந்த பயம்தான் பெரிது. அடுத்து வந்த ஸ்கேனில் கட்டி இல்லை.

அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. பரிசோதனை முடிந்து இரண்டு மாதம் மனுஷியாக இருப்பேன். மூன்றாம் மாதம் சோறு இறங்காது. கழிவறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் துணியைப் பார்ப்பேன். இடுப்பு வலித்தால் அது வெறும் இடுப்பு வலி என்று இந்த உடம்பு என்னை நம்பவிடாது.

இரண்டு வருடம் முடிந்த அன்று டாக்டரம்மா சிரித்தார்.

“நல்லா இருக்கீங்கம்மா. இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்தா போதும்.”

என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சபீனா என் தோளைக் கட்டிக்கொண்டாள். எனக்கு மட்டும், ஆறு மாதம் யாரும் பார்க்காமல் எப்படி இருப்பது என்றுதான் ஓடியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“மூணு மாசத்துக்கே வந்துட்டுப் போறேனே, டாக்டர்?”