ரப்பர் தேய்ந்த பென்சில்

என் மேஜை இழுப்பறையில் ஒரு பென்சில் கிடக்கிறது. கூர் இன்னும் இருக்கிறது. பின்னால் இருக்கும் ரப்பர்தான் தகரம் வரை தேய்ந்துபோயிருக்கிறது. கிழக்கேகோட்டைக் கடைத்தெருவில் வாங்கியது. எழுபதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்துக்கு வெளியே ஒரு ராணுவ முகாமில் பயிற்சியில் இருந்தேன். பிரிவு ஒதுக்குவதற்கான பரீட்சைக்கென்று நானும் என் பக்கத்துக் கட்டில்காரனும் ஆளுக்கொன்று வாங்கினோம்.

அவன் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. இருவருமே வயர்லெஸ் என்றுதான் விண்ணப்பத்தில் எழுதியிருந்தோம். எனக்கு அது வெயிலில் நிற்காமல் தப்பிக்கும் வழி, அவ்வளவுதான். அவனுக்கு அப்படியில்லை. அது கிடைக்காவிட்டால் சமையல் பிரிவுதான் என்று சொல்லிவிட்டார்கள். லயத்து வீட்டில் ஆறு பேருக்குப் பொங்கிப் போட்டே வளர்ந்தவன். இனி அடுப்பு முன்னால் நிற்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். பல் தேய்க்கும்போதுகூடத் தந்தி எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாகத் தட்டிக்கொண்டிருப்பான். நான் கிண்டல் செய்வேன்.

பரீட்சையன்று காலையில் இடவப்பாதி மழை. ஹவில்தார் முன்னால் உட்கார்ந்து தந்திக் கீயை அடிக்க, ஹெட்போனில் கேட்ட எழுத்துகளை நாங்கள் எழுத வேண்டும். முடிந்ததும் அவர் எழுந்து கைகட்டி நின்றார். தாள்களைத் திருத்தும்போது போனக்காட்டுக்காரன் தாளில் மட்டும் கடைசியாக நான்கு எழுத்துகள் கூடுதலாக இருந்தன.

“ஞான் கீயிலேர்ந்து கை எடுத்தாச்சு. பின்னே இது ஆரு அடிச்சது?”

“கேட்டுச்சு சார். வேற கை. கடைசிக் கோட்ட இழுத்து அடிச்சாங்க.”

வயர்லெஸ்காரர்கள் ஒருவர் அடிக்கும் விதத்தைக் ‘கை’ என்பார்கள். குரலைப் போல, அதை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு கீ. ஹவில்தார் குனிந்து வயரைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் சரியாக இல்லை.

“வேற ஆருக்காவது கேட்டுதோ?”

எல்லோரும் மழையைப் பார்த்தோம். அவன் என்னைப் பார்த்தான். ‘காதை நம்ப முடியாது’ என்று எழுதி அவனைச் சமையலுக்கு அனுப்பினார்கள். மறுநாள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டே, “ஒனக்குக் கேக்கலையாடா?” என்றான்.

“இல்லடா” என்றேன்.

கேட்டது. அதே நான்கு எழுத்துகளை நானும் எழுதியிருந்தேன். நிமிர்ந்து, அவர் கைகட்டி நிற்பதைப் பார்த்ததும் அவசரமாக அழித்துவிட்டேன். இப்படி ஒரு கோழை நான்.

இரண்டு வருடம் கழித்து, வயர்லெஸ்காரனாக என் முதல் பணியிடத்தில், எங்கள் நிலையத்துக்குப் பெயர் போல வழங்கும் அழைப்புக் குறியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். நான்கு எழுத்துகள். நான் அழித்த அதே நான்கு. அடிக்காமல் இருக்க முடியாது, அடித்தேன். மறுமுனையில் இருந்த தமிழர் அன்று மாலை டெலிபோனில் சிரித்தார்: “என்ன தம்பி, கடைசிக் கோட்ட இந்த இழுப்பு இழுக்கற?”

அன்று மழையில் அவன் கேட்டது என் கையைத்தான்.

அவன் காதில் ஒரு குறையும் இல்லை என்று அவனுக்கு எழுத வேண்டும். இத்தனை வருடங்களில் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். முதல் வரி எழுதுவேன். பிறகு பென்சிலைத் திருப்பிப் பிடிப்பேன். பரீட்சை அறையில் தேய்ந்தது கொஞ்சம்தான். மிச்ச ரப்பரெல்லாம் அந்தக் கடிதத்தில் போனது.