சீர்வரிசையில் ஒரு கேரம் போர்டு

இல்லாவிட்டாலும் குடி முழுகாது, இருந்தால் நன்றாக இருக்கும் என்கிற சாமான்களுக்கெல்லாம் எங்கள் வீட்டில் தனித்தனிப் பெயர் உண்டு. அப்பா 'ஷோக்கு' என்பார். அம்மா 'பவிசு' என்பாள். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் கோபம் வந்தால் 'தண்டம்'. பக்கத்து வீட்டு மீன் தொட்டி ஷோக்கு, நான் கேட்ட பூப்போட்ட குடை பவிசு, ஐஸ்கிரீம் சுத்தத் தண்டம். பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் சிவப்பும் பச்சையுமாகப் பெயிண்ட் அடித்துவிட்டு அப்பா தள்ளி நின்று ரசிப்பாரே, அதற்கு மட்டும் பெயர் 'முறை'. அவரை யார் கேட்பது?

இந்தப் பெயர்கள் எதற்கும் அசையாதவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. கம்பெனி வேலைக்குப் போன முதல் மாதமே ஒரு கேரம் போர்டு வாங்கி, பாகூர் வரைக்கும் பஸ்ஸில் மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கை காய்வதற்குள் நானும் அவளும் ஆட உட்கார்ந்துவிடுவோம். சின்னப் பெண்தானே என்று ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. ஈவிரக்கம் இல்லாமல் தோற்கடிப்பாள். அதனாலேயே எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும்.

எனக்குப் பத்து வயது நடக்கும்போது அத்தைக்குச் சுத்துக்கேணியில் மாப்பிள்ளை அமைந்தது. அப்பா சீர் சாமான்களுக்குப் பட்டியல் எழுத உட்கார்ந்தார். யாரும் அடுப்பில் ஏற்றப்போகாத பித்தளை அண்டா இரண்டு, யாரும் தண்ணீர் மொள்ளப்போகாத குடம் மூன்று. எல்லாம் முறை. கடைசியில் அத்தை சொன்னாள்:

"என் கேரம் போர்டையும் எழுதிக்க, அண்ணா."

"இன்னாது? கல்யாணம் கட்டினு போற பொண்ணு கேரம் போர்டைத் தூக்கினு போனா சம்பந்தி வூட்ல இன்னா நெனைப்பாங்க? இந்த ஷோக்கெல்லாம் இங்கியே வெச்சிட்டுப் போ."

"அது வராம நான் வண்டி ஏறமாட்டேன்."

"பாக்கலாம், பாக்கலாம்" என்று அப்பா போர்டை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார். அத்தை அதற்கப்புறம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்தது. தலைகீழாக நின்றாவது அந்தப் போர்டை அவளோடு அனுப்பிவிடுவது என்று நான் முடிவு பண்ணிவிட்டேன்.

கல்யாணம் முடிந்து பெண்ணை அனுப்பும்போது சீர் ஏற்றக் குட்டியானை வண்டி வந்து நின்றது. எல்லாரும் பந்தியில் இருந்தார்கள். நாற்காலிமேல் முக்காலியைப் போட்டு ஏறி, போர்டைப் பரணிலிருந்து இழுத்தேன். முழங்கையில் தோல் உரிந்தது, மூச்சுக் காட்டவில்லை. ஒரு பழம்புடவையில் சுற்றி இழுத்துக்கொண்டு போய், வண்டியில் மடித்துக் கிடந்த மெத்தையின் மடிப்புக்குள் சொருகினேன். காரில் ஏற வந்த அத்தையின் காதில் விஷயத்தைப் போட்டேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

பெண்ணைக் கொண்டுபோய் விட நாங்களும் கூடப் போனோம். சுத்துக்கேணியில் சாமான்களை இறக்கிக் கூடத்தில் பரப்பினார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுற்றி நின்று அண்டாவையும் குடத்தையும் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். அதுவும் முறைதான். மெத்தையை ஒருவர் பிரித்ததும் புடவை நழுவி, போர்டு எல்லார் முன்னாலும் பளபளவென்று வந்து விழுந்தது.

அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தையின் மாமியார் குனிந்து, போர்டின் மூலையில் தொங்கிய வலைப்பையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது இன்னாத்துக்கும்மா?"

அத்தை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "உளுந்துல கல்லு பொறுக்கத்தான், அத்த. வழவழன்னு இருக்குதில்ல, கல்லு பளிச்சினு தெரியும். பொறுக்கினத அப்படியே இந்த மூலைப் பையில தள்ளிடலாம். வூடெல்லாம் எறையாது."

சுத்துக்கேணியில் கேரம் போர்டைப் பார்க்காதவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது. ஆனாலும் புதுப்பெண் சிரிப்பின் சாயலே இல்லாமல் சொன்னதை மாமியார் அப்படியே ஏற்றுக்கொண்டார். "வரப்பு உளுந்து மூட்டையா கெடக்குது. அப்படி ஓரமா வைங்க" என்றார். "அதுக்குத்தான் எடுத்தாந்தோம்" என்று அப்பா அவசரமாக ஒத்து ஊதினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய்யி! அது வெளையாடறது!" என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தி வெளியே இழுத்துக்கொண்டு போனாள். ஊர் திரும்பும் வழியில் வில்லியனூர் தாண்டும் வரைக்கும் விடாமல் அழுதேன். தோல் உரிய உரிய நான் இறக்கிக் கொடுத்ததை அத்தை இப்படி முறத்துக்குச் சமமாக்கிவிட்டாளே என்று ஆறவே இல்லை.

ஆடிக்கு அவளை அழைத்து வந்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இன்னாடி, எங்கூடப் பேசமாட்டியா?"

"நீ தோத்துட்ட அத்த. கேரம் போர்டப் போயி உளுந்துப் பலகை ஆக்கிட்ட."

"ஆமாண்டி, ஆக்கிட்டேன்." அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உளுந்து வருஷத்துல எத்தினி நாளு பொறுக்குவாங்க, சொல்லு?"

"பத்து நாளு இருக்கும்."

"மீதி நாளெல்லாம் போர்டு இன்னா பண்ணும்?"

"சும்மாதான் கெடக்கும், பாவம்" என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.