கவுண்டருக்கு வந்த கணவாய்

லிங்கநகர் மதிவதனா கணவாய் மீன் லஞ்சம் வாங்கி வேலையைத் தொலைத்தாள் என்று ஊரெல்லாம் கதை. ஒரு பையில் தொடங்கிய கணவாய், சந்தைக்கு வருவதற்குள் பெட்டியாகி, இப்போது வள்ளம் நிறைய நிற்கிறது. நான் ஒன்றும் கூட்டவில்லை, கூட்ட இடமில்லை. உள்ளதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஓர்ஸ் ஹில்லில் ஒரு தொலைபேசிக் கம்பனியின் கவுண்டரில் அவளுக்கு வேலை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. யார் கத்தினாலும் சிரித்த முகத்தோடு "சேர், மேடம்" என்று சொல்ல வேண்டும். அந்த எரிச்சலுக்கு, அங்கே இருந்தவர்கள் தங்களுக்குள் ஒரு மீன் பாஷை வைத்திருந்தார்கள். பெரிய முதலாளி வந்தால் பாரை. சும்மா விலை கேட்டுப் போகிறவர் சூடை. தொட்டால் மை கக்குகிற மாதிரிக் கத்துகிறவர் கணவாய். பெயர் வைத்தவர் மனேஜர் சுகிர்தன். "வாடிக்கையாளரே ராஜா" என்று சுவரில் ஒட்டியவரும் அவரே.

கிண்ணியா மீன் வியாபாரி ஹிஸ்புல்லா நானா, போன் வேலை செய்யவில்லை என்று ஒருநாள் வந்து கத்தினார். மதிவதனா பக்கத்துக் கதிரையில் இருந்த சிவானுஜாவிடம் சொன்னாள்:

"கணவாய் வந்திட்டுது. நீ பாரடி, எனக்கு ஏலாது."

நானாவின் காதில் முதல் சொல் மட்டும் விழுந்தது. போனும் சரியாகிவிட்டது. அடுத்த நாள் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு பையைக் கவுண்டரில் வைத்தார்.

"மகள், நேத்துக் கணவாய் கேட்டீங்களே! இந்தாங்க, புதுசு. காசி வேணாம்."

உங்களைத்தான் கணவாய் என்றேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? அவள் பையை வாங்கிக் கீழே வைத்தாள். கெட்ட காலம், அன்றைக்குக் கொழும்பிலிருந்து கம்பனிப் பெரியவர் வந்திருந்தார். வாடிக்கையாளரிடம் ஒன்றும் வாங்கக் கூடாது என்பது கம்பனிச் சட்டம்.

நானா போனபின் விசாரணை. மதிவதனா அந்தப் பாஷையை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். பெரியவர் சுகிர்தனைப் பார்த்தார்.

"அப்பிடி ஒரு சொல் எங்கட ஒஃபிசில இல்லை சேர். கஸ்டமரை நாங்கள் அப்பிடிக் கதைப்பமே?"

சிவானுஜா கம்பியூட்டரை விட்டுத் தலை தூக்கவில்லை. அன்றோடு மதிவதனாவின் வேலை போயிற்று.

போன கிழமை பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். "என்ன பிள்ளை, கணவாய் திண்டு வேலையை விட்டிட்டீராம்?" என்று வாயைக் கிண்டினேன்.

"நான் எங்கை அண்ணை திண்டனான்? அதை வீட்டை கொண்டுபோய்ப் பிரட்டல் வைச்சுத் திண்டது சுகிர்தன்."